இடுப்புக்குள் ஒரு கிறீச்

கிறீச்!

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவாளர் ஹெட்போனைப் பிடுங்கி மேஜைமேல் வைத்தார்.

"யாரு கதவைத் திறந்தது?"

யாரும் திறக்கவில்லை. ஒலிப்பதிவு அறைக் கதவு கெட்டியாகச் சாத்தியிருந்தது. உள்ளே மைக்குக்கு முன்னால் அவள் ஒருத்திதான் நின்றிருந்தாள். நாவல்களை வாசித்து ஒலிப்புத்தகமாக்குவது அவள் தொழில். உட்கார்ந்து வாசித்தால் அவளுக்குக் குரலே எழும்பாது. நின்றுகொண்டு, கையை வீசி, கதாநாயகி ஓடினால் தானும் ஓடுவதுபோல உடம்பை ஆட்டினால்தான் கதைக்கு உயிர் வரும்.

"யாரும் இல்லைங்க. என் இடுப்புதான்" என்றாள்.

"அக்கா, இது காதல் காட்சி. அவ ஓடி வந்து அவனைக் கட்டிப்பிடிக்கிறா. கேக்குறவங்களுக்கு அவ துருப்பிடிச்ச கேட்டைக் கட்டிப்பிடிச்ச மாதிரி இருக்கும்."

"பேய்க்கதை இருந்தா குடுங்க. தனியா சத்தம் சேர்க்கிற செலவு மிச்சம்."

ஒலிப்பதிவாளர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "முதலாளி சொல்லச் சொன்னாருக்கா. இடுப்பைச் சரி பண்ணிட்டு வாங்க. அதுவரைக்கும் அடுத்த நாவலை வேற குரலுக்குக் குடுக்கலாம்னு பாக்குறாரு."

அவள் பக்கங்களை அடுக்கி வைத்துவிட்டு வெளியே வந்தாள். படி இறங்கும்போதும் இடுப்பு சும்மா இருக்கவில்லை. கிறீச், கிறீச் என்று அவளுக்கு முன்னால் ஊருக்குச் சேதி சொல்லிக்கொண்டே போனது.

குளியலறையில் வழுக்கி விழுந்து எலும்பு நொறுங்கியதால், இடது இடுப்பில் செயற்கை மூட்டு வைத்திருந்தார்கள். முதல் வருஷம் மூட்டு இருப்பதே தெரியவில்லை. பிறகு சத்தம் வந்தது, சத்தத்தின் பின்னாலேயே வலி வந்தது. மூட்டு உள்ளே தேய்ந்து தூளாகிறது, எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும் என்று எக்ஸ்ரே படத்தைப் பார்த்த டாக்டர் சொல்லிவிட்டார்.

வீட்டில் புருஷன் காத்திருந்தான். சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன். எந்தச் சத்தத்துக்கும் அவனிடம் ஒரே வைத்தியம்தான்.

"ரெண்டே ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா…"

"உங்க வாயில விடுறேன், அது மூடுதான்னு பாப்போம்."

கூடத்தில் கால்மேல் கால் போட்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்த நாத்தனார் கைதட்டினாள். அவள் வக்கீல். அண்ணன் வீட்டுக்கு வந்தால் கறுப்புக் கோட்டை நாற்காலியில் மாட்டிவிட்டு, முதலில் பிஸ்கட் டப்பாவைத்தான் தேடுவாள்.

"அண்ணி, இவ்வளவு வருஷமா நான் குத்தம் கண்டுபிடிக்க இந்த வீட்டுல நீங்க ஒருத்தர்தான் இருந்தீங்க. இப்ப ஒரு கம்பெனியே கிடைச்சிருக்கு. விடுவேனா?"

மூட்டு செய்த கம்பெனியின் அதிகாரி அன்று காலைதான் போனில் பேசியிருந்தார். தேன் ஒழுகும் குரல். புது மூட்டு இலவசம். பதிலுக்கு, வெளியே எடுக்கும் பழைய மூட்டைக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட வேண்டும். இனி எந்த வழக்கும் போடமாட்டேன் என்று ஒரு கையெழுத்து. கடைசியில் அதிகாரி ஒன்று கேட்டார்: "ஆயிரக்கணக்கான பேர் எங்க மூட்டோட சந்தோஷமா நடக்குறாங்கம்மா. சத்தம் வருதுன்னு சொல்ற முதல் ஆள் நீங்கதான். ஏம்மா, வேலை நேரத்துல நின்னுக்கிட்டு ஆடுவீங்களாமே?"

அந்தக் கேள்வி அவளை வலியைவிட அதிகமாகக் குடைந்தது.

"கையெழுத்தைப் போட்டுக் குடுத்துடலாம்னு தோணுது" என்றாள் நாத்தனாரிடம். "சீக்கிரம் மைக் முன்னால நிக்கணும் எனக்கு."

"நில்லுங்க. புது மூட்டும் கத்தினா என்ன பண்ணுவீங்க? அப்பவும் நீங்க ஆடுனதுதான் காரணம்னு சொல்வான். கையெழுத்தை நீட்டிக் காட்டுவான்."

"அப்ப நான் வாசிக்கிற விதமே தப்பா? நாற்காலியில உக்காந்து என் பாட்டுக்கு முணுமுணுக்கணுமா? அதுக்கு நான் வாயைத் தைச்சுக்கலாம்."

"அது தப்பில்லைன்னு நிரூபிக்கத்தான் கோர்ட்டு இருக்கு" என்று நாத்தனார் பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மூட்டோட வடிவமே கோளாறா இருந்தா அதைச் சொல்லிக் கேக்கலாம். வடிவம் சரி, செய்யும்போது கோட்டை விட்டிருந்தா அதுக்கும் கேக்கலாம். ஆனா கெட்டுப்போகுதுன்னு தெரிஞ்சும் டாக்டர்கிட்டயும் உங்ககிட்டயும் மூச்சு விடாம வித்திருந்தா, அதுதான் பெரிய பிடி. அதுலேர்ந்து நழுவவே முடியாது."

"டாக்டர் மேல தப்பு இருக்குமோ?"

"அவர் ஒழுங்காத்தான் வச்சிருக்காரு. இன்னொரு டாக்டர்கிட்டயும் காட்டிக் கேட்டுட்டேன். மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கிற அலுவலகத்துக்குப் புகாரும் போயாச்சு. இப்ப ரெண்டு விஷயம் முக்கியம். எடுக்கிற மூட்டு நம்ம கையை விட்டுப் போகக்கூடாது. அது உங்க உடம்புல இருந்தது, உங்க பொருள். நாம சொல்ற ஆய்வுக்கூடத்துலதான் அதைச் சோதிக்கணும். அவன்கிட்ட போச்சுன்னா, சாட்சியைத் தூக்கி எதிராளி வீட்டுல தங்க வைச்ச மாதிரி."

"ரெண்டாவது?"

"முதல் ஆள் நீங்கதான்னு சொல்றானே, அது பொய்னு தெரியணும். இதே மூட்டு வேற யாருக்காவது கெட்டிருக்கணும். அப்பதான் கோளாறு உங்க ஆட்டத்துல இல்லை, அவன் மூட்டுலன்னு ஆகும். ஆனா எங்க போய்த் தேடுறது?"

புருஷன் தொண்டையைக் கனைத்தான். "சத்தம்தானே? அதை என்கிட்ட விட்டுடுங்க. எத்தனை சக்கரத்துக் கோளாறைக் காதாலயே கண்டுபிடிச்சவன் நான்."

மறுநாள் காலை பூங்காவில் நடைப்பயிற்சி செய்பவர்களுக்கு ஒரு புதுத் தொல்லை முளைத்தது. கொஞ்சம் வயதானவர் யார் நடந்தாலும், பின்னாலேயே ஒரு ஆள் இடுப்பு உயரத்துக்குக் குனிந்து, காதைச் சாய்த்துக்கொண்டு தொடர்ந்தான். ஒரு ரிட்டயர்டு வங்கி மேனேஜர் பர்ஸைச் சட்டைப்பைக்கு மாற்றிக்கொண்டார். ஒரு அம்மாள் திரும்பி நின்று, "என்னடா தொலைச்சே?" என்று குடையை ஓங்கினாள்.

ஒரு நாள் புருஷன் மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடி வந்தான். "மாட்டிக்கிச்சு! தொப்பி போட்ட தாத்தா. ஒவ்வொரு அடிக்கும் கிறீச்! அப்படியே நம்ம சத்தம்!"

நாத்தனார் கோட்டைக்கூட மாட்டாமல் ஓடினாள். தாத்தா பெஞ்சில் உட்கார்ந்து அவள் கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகக் காதுகொடுத்தார். பிறகு இரண்டு காலணிகளையும் கழற்றி அவள் மடியில் வைத்தார்.

"புதுசு. மருமகன் வாங்கிக் குடுத்தது. கேஸ் போட முடிஞ்சா மருமகன் மேலயும் சேத்துப் போடும்மா."

அதோடு பூங்கா வேட்டை முடிந்தது. அதற்குமேல் இடுப்பு வலியைப் பொறுக்க முடியாமல் அவள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். கம்பெனியின் இலவசத்தைத் தொடவில்லை. வேறொரு கம்பெனியின் மூட்டை வைக்கச் சொன்னாள். எடுக்கும் மூட்டைக் கழுவிக்கூட விடாமல், சீல் வைத்துத் தங்களிடமே தர வேண்டும் என்று நாத்தனார் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தாள். டாக்டரும் சொன்னபடி செய்தார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அவள் வாக்கரைப் பிடித்து வார்டில் நாலடி நடந்தாள். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். ஒரு சத்தமும் இல்லை.

"வீடே வெறிச்சுன்னு ஆயிடும்போல இருக்கே" என்றான் புருஷன்.

"அதான் நீங்க இருக்கீங்களே" என்றாள் அவள். ஆனால் படுக்கையில் சாய்ந்ததும் சிரிப்பு கொஞ்சம் வற்றியது. "மூட்டு நம்ம கையில இருக்கு, சரி. நான் ஆடித்தான் தேஞ்சுதுன்னு அவங்க சாதிச்சா?"

"சாதிக்கத்தான் செய்வாங்க" என்று நாத்தனார் ஒப்புக்கொண்டாள். "வழக்கு இழுக்கும் அண்ணி. பாத்துக்கலாம்."

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. இஸ்திரி மடிப்புக் கலையாத நீலச் சட்டையில் ஓர் இளைஞன் உள்ளே வந்தான். ஒரு கையில் பழக்கூடை, மறு கையில் உள்ளே பஞ்சு வைத்த காலிப் பெட்டி. மார்பில் 'சிறந்த சேவையாளர்' என்று மின்னும் பேட்ஜ். மூட்டுக் கம்பெனியின் ஆள். நோயாளியைப் பார்க்க வந்திருந்த டாக்டருக்கு ஒரு கும்பிடு, புருஷனுக்கு ஒரு கும்பிடு, மூலையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தவளுக்கும் ஒரு கும்பிடு.

"நீங்க…?"

"இவங்க நாத்தனார்" என்றாள் வக்கீல். அதுவும் உண்மைதானே.

"மேடம், அந்தப் பழைய மூட்டைக் கம்பெனிக்கு எடுத்துட்டு வரச் சொன்னாங்க. பத்திரமா ஆராய்ச்சிக்குப் போயிடும். நீங்க ஒண்ணுமே கவலைப்பட வேண்டாம்."

புருஷன் மடியிலிருந்த சீல் வைத்த டப்பாவை, தூங்கும் குழந்தையை அணைப்பதுபோல இன்னும் இறுக்கிக்கொண்டான். நாத்தனார் 'முடியாது' என்று சொல்ல வாயெடுத்தாள். கட்டிலில் இருந்தவள் அவளைக் கையமர்த்தினாள். மைக் முன்னால் விதவைத் தாய்க்கும் அனாதைக் குழந்தைக்கும் கொடுக்கிற குரல் ஒன்று அண்ணியிடம் உண்டு. கல்லும் கரைந்து கதை சொல்லிவிடும். அதை எடுத்தாள்.

"தம்பி, முகத்தைப் பாத்தா நல்ல பிள்ளையா இருக்கீங்க. ஆனா இவ்வளவு நாள் என் உடம்போட உடம்பா இருந்தது. எனக்கு என்னமோ பயமா இருக்கு. உங்களுக்கு இதெல்லாம் பழக்கமில்லாத வேலை. போற வழியில எங்கயாவது தொலைச்சிட்டீங்கன்னா?"

இளைஞனின் முகம் சிவந்துவிட்டது. பேட்ஜைத் தொட்டுக் காட்டினான்.

"என்ன மேடம் இப்படிச் சொல்லிட்டீங்க? இந்த வருஷம் மட்டும் இதே மாடல்ல, இதே மாதிரி சத்தம் போட்டுக் கழட்டுன பதினாறு மூட்டுகளை நான்தான் ஒத்தையா கொண்டுபோய்ச் சேர்த்திருக்கேன், ஒண்ணாவது தொலைஞ்சிருக்கான்னு எங்க ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க!"