பயம் எது, ஒரே சொல்லில்

புதிதாக வந்த தொடுதிரையை யாருமே தொடுவதில்லை என்று தலைமையாசிரியைக்குப் பெரிய மனக்குறை. ஆசிரியர் கூட்டத்தில் அதை எங்கள் மூஞ்சிக்கு நேராகவே சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். "நாளைக்கே தொடுறேன் மேடம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏழாம் வகுப்புக்கு அப்போது நரம்பு மண்டலம் நடந்துகொண்டிருந்தது. பயந்தால் இதயம் ஏன் படபடக்கிறது, உள்ளங்கை ஏன் வியர்க்கிறது என்பது பாடம். இணையத்தில் ஒரு சொல்மேகம் உருவாக்கினேன். பிள்ளைகள் ஆளுக்கொரு டேப்லெட்டில் பெயர் கொடுத்து உள்ளே வந்து, கேட்ட கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் தட்ட வேண்டும். நிறைய பேர் தட்டிய சொல் திரையில் பெரிதாக வரும். ஒருவர் மட்டும் தட்டியது எறும்பளவில் ஓரமாகக் கிடக்கும். காப்பி அடிப்பதில் ஏழாம் வகுப்பு எமகாதகர்கள். அதனால் எல்லோரும் முடிக்கும்வரை யாருடைய பதிலும் யாருக்கும் தெரியாதபடி திரையை மூடி வைத்திருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் உனக்குப் பயம் தருவது எது? இதுதான் கேள்வி.

முதல் வரிசையில் ஒரு பெண் இருக்கிறாள். வாயாடி, எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவோம். அவள் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், யாரு எழுதினாங்கன்னு தெரியுமா?"

"போர்டுல பேரு வராது."

"உங்களுக்கு?"

"எனக்கு மட்டும் தெரியும். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், போதுமா?"

வாயாடி டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்து மறைத்துக்கொண்டு தட்டினாள்.

பல்லி வரும், தேர்வு வரும், கழிவறை வரும் என்று நினைத்திருந்தேன். எல்லாம் வந்தன, ஓரத்தில். நடுவில், திரையை அடைத்துக்கொண்டு 'மோதிரம்' என்று நின்றது.

விளையாட்டுக்கு எழுதியிருந்தால் சிரித்தே கூரையைப் பிய்த்திருப்பார்கள். தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்தது இத்தனை பேர் என்று அவர்களுக்கே அப்போதுதான் தெரிந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அது யாருடைய மோதிரம் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஏழாம் வகுப்புக்கும் பக்கத்து வகுப்புக்கும் கணக்கு நடத்துகிறவர் என் அண்ணன். நடுவிரலில் கல் பதித்த தடித்த மோதிரம். கணக்கு தப்பினால் உச்சந்தலையில் ஒரு குட்டு. கன்னத்தில் அறைந்தால் தடம் தெரியும், முடிக்குள் வீங்கினால் யார் கண்ணில் படும்? தலை சீவும்போதுதான் உயிர் போகும். அவர் வாத்தியார் ஆகும் முன்பு குட்டிப் பழகியது என் தலையில். அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்ததும், இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். இன்றும் ஒரே வீடு, காலையும் மாலையும் ஒரே பைக்.

நான் திரையை அணைப்பதற்குள் தலைமையாசிரியை கைபேசியோடு உள்ளே வந்துவிட்டார்.

"அட, நம்ம போர்டு வேலை செய்யுதே," என்று நாலு படம் எடுத்தார். பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "மோதிரத்துக்கு எதுக்குப் பயப்படணும்? ஏழாவதுலயே கல்யாண பயமா?"

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டு போய்விட்டார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் திரையைத்தான் அணைத்தேன்.

மணி அடித்து நான் ஆசிரியர் அறைக்குள் நுழைவதற்குள், 'எங்கள் குழந்தைகள் மனம் திறந்த தருணம்' என்ற வாசகத்தோடு படம் பள்ளியின் முகநூல் பக்கத்தில் ஏறிவிட்டது. அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்றாலும் தலைமையாசிரியைக்குப் பொறுமை கிடையாது. முதலில் 'அருமை' என்று இரண்டு பெற்றோர்கள். அதன் பின் பழைய மாணவர்கள் மோப்பம் பிடித்து வந்துவிட்டார்கள்.

'இன்னும் கழட்டலையா அவர்?'

'என் மண்டைல பள்ளம் அப்படியே இருக்கு.'

எல்லாவற்றுக்கும் கீழே சிரிக்கும் பொம்மைகள். நடுவில் ஓர் அம்மா கேட்டிருந்தார்: 'என் பையனும் ஏழாவதுதான். தலையைத் தொட விடமாட்டேங்கிறான். என்ன விஷயம்னு யாராவது சொல்லுங்களேன்.' அதற்குப் பதிலே இல்லை. மறுபடியும் சிரிப்புப் பொம்மைகள்தான்.

எனக்கு ஓரிடத்தில் நிலைகொள்ளவில்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன், தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடிக்காமலே மூடினேன். கைபேசி அதிர்ந்தது. அண்ணன்.

'பேர் லிஸ்ட் எடுத்து வை. வர்றேன்.'

காலையில் நடத்திய பாடத்தை என் உள்ளங்கை ஒப்பித்துக்கொண்டிருந்தது. கணினியைத் திறந்து சொல்மேகத்துக்குள் போனேன். வரிசையாகப் பெயர்கள், பக்கத்திலேயே அவரவர் சொல். வாலுவின் பெயர் மேலேயே இருந்தது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழிக்கச் சொன்னேன். உறுதியா என்று கேட்டது. உறுதி என்றேன். எங்கள் பள்ளி இணையத்துக்கு அவசரம் என்றால் என்னவென்று தெரியாது. சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நடைவழியில் அண்ணனின் செருப்புச் சத்தம் கேட்டது. சின்ன வயதில் வீட்டிலும் அந்தச் சத்தம் கேட்டால்தான் நான் புத்தகத்தை நிமிர்த்திப் பிடிப்பேன். சத்தம் வாசலுக்கு வந்தபோது வட்டம் நின்று, பட்டியல் வெறுமையானது.

பள்ளிக்குள் நான் அவரை சார் என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார். அது அவர் போட்ட சட்டம்.

"டீச்சர், லிஸ்ட் எங்க?"

"இல்ல சார்."

"இல்லையா, அழிச்சிட்டியா?" சட்டம் காற்றில் போனது.

"அழிச்சிட்டேன்."

கத்துவார் என்று நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு நிதானமாக உட்கார்ந்தார். எனக்கு அதுதான் அதிக பயம்.

"சரி, அதுவும் நல்லதுதான். எவனோ ஒருத்தன் எழுதினான், மத்ததுங்க அதைப் பார்த்து எழுதுச்சுங்க. அப்படியே பேஜ்ல போட்டுடு."

"யாரும் யாரையும் பார்க்கலண்ணா. திரையை மூடி வச்சிருந்தேன்."

"அது உனக்கும் எனக்கும்தானே தெரியும். எழுது. 'குழந்தைகள் விளையாட்டாக எழுதியது. யாரையும் குறிப்பிடவில்லை.'"

கைபேசியை எடுத்தேன்.

"யாரு ஆரம்பிச்சதுன்னு நாளைக்கு நானே பார்த்துக்கிறேன். ஒவ்வொண்ணா போர்டுக்குக் கூப்பிட்டா தன்னால ஒரு பேரு வெளிய வரும். எனக்கு ஒரு பேரு போதும்."

நாளைக்கு முதல் பாடவேளை ஏழாம் வகுப்புக்குக் கணக்கு. பெயர்களை அழித்து நான் ஒன்றும் சாதித்துவிடவில்லை. தலைகள் அப்படியேதான் இருக்கின்றன.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டிருக்கேண்ணா."

பள்ளியின் கணக்கிலிருந்து வெளியே வந்து என் சொந்தப் பெயரில் உள்ளே போனேன். அந்த அம்மாவின் கேள்விக்குக் கீழே தட்டினேன். ஒரு சொல்லை மூன்று தரம் அழித்து எழுதினேன்.

'மோதிரம் கணக்கு ஆசிரியரின் கையில் இருக்கிறது. அந்தக் கையால் பிள்ளைகள் தலையில் குட்டுகிறார். உங்கள் பையனின் தலையைத் தடவிப் பாருங்கள். என் தலையிலும் குட்டியிருக்கிறார். அவர் என் அண்ணன்.'

சாயங்காலம் எந்த வீட்டுக்குப் போவது என்று ஒரு நொடி யோசனை வந்தது. விடை கிடைக்கவில்லை. அனுப்பிவிட்டேன்.

பக்கத்தில் புதிதாக ஒன்று விழுந்ததென்று அவர் சட்டைப் பையில் கைபேசி ஒலித்தது. எடுத்துப் படித்தார். கடைசி வரிவரை போய், திரும்ப முதலிலிருந்து படித்தார். காது மடல் சிவந்துபோனது.

"இதை யாரு எழுதினது?" என்று என்னையே கேட்டார்.

"ஒரு பேரு போதும்னீங்களே. மேல போட்டிருக்கு பாருங்க."

எழுந்து வந்தார். பழக்கத்தில் கை தலைக்கு மேலே உயர்ந்தது. என் கழுத்தும் பழக்கத்தில் உள்ளே இழுத்துக்கொள்ளப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன். என் கையில் கைபேசி அதிர, அதில் வந்திருந்ததை அவருக்குக் கேட்கும்படி படித்தேன்.

"அந்தப் பையனோட அம்மா கிளம்பி வந்துட்டிருக்காங்களாம்ணா."