ஏறவும் தெரியாது, இறங்கவும் தெரியாது

வாடகை சைக்கிள் கடைக்காரம்மா பாதைப் படத்தை மேசைமேல் விரித்துவிட்டு எங்கள் மூன்று பேரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதுல கஷ்டமே இல்லைங்க. கால்வாய்க் கரையிலேயே போகணும். ஏத்தம் இல்ல, இறக்கம் இல்ல. வழிகாட்டக் கூட ஆள் வேண்டாம். அங்கங்க கல்லுல மஞ்சள் அம்பு போட்டிருக்கு. அதைப் பாத்துக்கிட்டே போனா பாலம் வந்துரும். சின்னப் பிள்ளைங்க, புதுசாக் கத்துக்கிட்டவங்க, எல்லாருமே போறாங்க. கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம்."

எனக்குச் சுருக்கென்றது. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துகிறவள். கண்ணை மூடச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் என் கணவர் அதற்குள் மூன்று தலைக்கவசத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மாடிக்கு ஏற்றி இறக்குகிற மனுஷர். அப்படிப்பட்டவரால் என்னை ஒரு சைக்கிளில் ஏற்றி இறக்கக் கற்றுத்தர முடியவில்லை. வாரக்கணக்கில் அவர் கம்பெனி வண்டி நிறுத்துமிடத்தில், எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, சீட்டைப் பிடித்துக்கொண்டு என் பின்னால் ஓடினார். ஒரு தள்ளு தள்ளிவிட்டால் நான் போய்விடுவேன். அழகாகவே போவேன். நானாக ஏறிக் கிளம்ப வராது. நிறுத்தவும் வராது. பிரேக்கைப் பிடித்தால் உடம்பு ஒரு பக்கம் போகும், வண்டி ஒரு பக்கம் போகும். அந்தப் பயத்தில் என் விரல்கள் பிரேக் பக்கமே போகாது. ஆகவே அவர் முன்னால் ஓடிப்போய் நின்று கைப்பிடியைப் பிடித்து நிறுத்துவார்.

"மத்ததெல்லாம் தானா வரும்" என்றார். வரவில்லை.

அவர் பெண்ணுக்குப் பதினோரு வயது. எனக்கும் அவள் பெண்தான் என்று எழுத ஆசை. ஆனால் அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சித்தி என்று கூப்பிடச் சொன்னார் இவர். அவள் சரியென்று தலையாட்டினாள். அதன் பிறகு பெயரோ முறையோ தேவைப்படாத வாக்கியங்களாகப் பார்த்துப் பார்த்துப் பேசினாள். "சாப்பாடு ரெடியா?" "கதவு திறந்திருக்கு." அந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால் எனக்குக் கோபமும் வரும், பெருமையும் வரும்.

அவளைப் பெற்றவள் வீட்டை விட்டுப் போனது ஒரு காலை நேரத்தில். வாசலில் கார் நின்றது, பெட்டி ஏறியது, அவளும் ஏறினாள். பிள்ளை வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. பிறகு அப்பாவிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னதாம்: "அம்மா திரும்பிக்கூடப் பாக்கல." இதை எங்கள் கல்யாணத்துக்கு முன்பே இவர் என்னிடம் சொல்லியிருந்தார். அன்றைக்கே எனக்குள் ஒரு வைராக்கியம் வந்தது, இந்தப் பிள்ளையை நான் எந்த இடத்திலும் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று.

சைக்கிள் என்றால் அவளுக்கு உயிர். அதனால்தான் இந்தப் பயணம். போதாக்குறைக்கு இவர், "அவங்களும் சூப்பரா ஓட்டுவாங்க" என்று பிள்ளையிடம் அளந்துவிட்டார். ஒரு மெக்கானிக்குக்கு இவ்வளவு வாய் ஆகாது.

எங்கள் ஏற்பாடு இதுதான். கிளம்பும்போது விளையாட்டுக்குத் தள்ளுவதுபோல் இவர் என்னைத் தள்ளிவிடுவார். பிறகு முந்திக்கொண்டு பாலத்துக்குப் போய்விடுவார். பாலத்தைத் தாண்டியதும் லாரிச் சாலை. அங்கே என்னைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லாவிட்டால் கதை முடிந்தது. "என்ன ஆனாலும் பாலத்தை விட்டு நகர மாட்டேன்" என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். அவர் பங்குக்கு, "இன்னைக்கு யாரும் போனைத் தொடக் கூடாது, குடும்பமா இருக்கணும்" என்று மூன்று போனையும் வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

கரை நன்றாகத்தான் இருந்தது. ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் அறுத்து முடித்த வயல். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஆள் நடமாட்டம் இல்லை. மஞ்சள் அம்புகள் ஒவ்வொன்றாக வந்தன, போயின. இவர் சீக்கிரமே கண்ணுக்கு மறைந்தார். பிள்ளை எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அடிக்கடி திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்குச் சரியாக ஓட்டத் தெரியாததைக் கண்டுபிடித்துவிட்டாள், கிண்டலுக்குத்தான் பார்க்கிறாள் என்று நினைத்து, முதுகை நிமிர்த்தி ரொம்பத் தெரிந்தவள் மாதிரி மிதித்தேன்.

மறுபடி ஒரு தடவை திரும்பினாள். முன் சக்கரம் பாதை விளிம்பு ஜல்லியில் ஏறியது. வண்டி சரிந்து, அவள் கீழே, வண்டி அவள் கால்மேல். "ஆ" என்ற சத்தம் எனக்குக் கேட்டது.

நான் அவளை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தேன். அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். ஒரு கையை நீட்டினாள். நிறுத்து, நிறுத்து என்று மனசு கத்துகிறது. விரல் கைப்பிடியில் ஒட்டிக்கொண்டு அசைய மாட்டேன் என்கிறது. கால் தன்பாட்டுக்கு மிதிக்கிறது. என்ன ஜென்மமோ நான். நீட்டிய கைக்குப் பக்கத்திலேயே, அவள் முகத்தைப் பார்த்தபடியே, நான் கடந்து போனேன்.

போய்க்கொண்டே இருந்தேன். திரும்பிப் பார்த்தால் விழுவேன் என்பதால் திரும்பவும் இல்லை. கொஞ்ச தூரம் போன பிறகு, விழுந்தால் விழுகிறேன் என்று வயல் பக்கத்துப் புல்லில் வண்டியைச் சாய்த்துக் கீழே போய் விழுந்தேன். முழங்கை தேய்ந்தது. எழுந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தேன்.

அவள் வண்டியை உதறிவிட்டு உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் வீங்கத் தொடங்கியிருந்தது. அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலை.

"காட்டும்மா, எங்க வலிக்குது?"

காலை இழுத்துக்கொண்டாள். "நீங்க என்னைப் பாத்தீங்க."

"பாத்தேன்."

"பாத்துட்டுத்தான் போனீங்க."

"எனக்கு நிறுத்தத் தெரியாதுடா."

"பொய். அப்பா நீங்க சூப்பரா ஓட்டுவீங்கன்னு சொன்னாரு."

"உங்க அப்பா என்னதான் சொல்ல மாட்டாரு?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடையில் கண் பரிசோதிக்க வருகிறவர்களில், எழுத்து தெரியாமலே தெரிந்ததாகச் சொல்கிறவர்களை நான் உடனே பிடித்துவிடுவேன். என்னை அவள் அப்படித்தான் பார்த்தாள். நான் சொன்னதோ சத்தியமான உண்மை. உண்மையைச் சொல்லி ஒரு பிள்ளையை நம்பவைக்க முடியாமல் நடுப்பாதையில் குந்தியிருந்தேன்.

அவளைத் தூக்கிக்கொண்டு நடந்து பார்த்தேன். பதினோரு வயதுப் பிள்ளை. கொஞ்ச தூரத்திலேயே எனக்கு மூச்சு முட்டியது. அவள் சைக்கிளின் முன் சக்கரம் கோணிவிட்டது. என் சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிப் பார்த்தேன். பாதை குலுக்கிய குலுக்கலில் கால் ஆடி, "வேண்டாம், இறக்குங்க, இறக்குங்க" என்று அலறிவிட்டாள். அம்பு போட்ட ஒரு கல்மேல் அவளை இறக்கி உட்காரவைத்தேன். கையைக் குவித்து, "யாராவது இருக்கீங்களா?" என்று வயலைப் பார்த்துக் கத்தினேன். நாரைகள்தான் எழுந்து பறந்தன.

"அப்பா வந்துருவாருல்ல?" என்றாள்.

வர மாட்டார். பாலத்தை விட்டு நகர மாட்டேன் என்று சத்தியம் செய்த மனுஷர். எதில் பொய் சொன்னாலும் சத்தியத்தில் பொய் சொல்லாதவர். நான் மெதுவாகத்தான் வருவேன் என்று அவருக்குத் தெரியும். பொழுது சாயும்வரை அங்கேயே நிற்பார்.

"நான் ஓடிப்போய்க் கூட்டிட்டு வர்றேன்."

"ஓடியா? எப்பப் போய்ச் சேருவீங்க?" உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ரொம்ப வலிக்குது. சைக்கிள்ல போங்க."

சைக்கிளை நிமிர்த்தினேன். அதற்குப் பிறகு நடந்ததை ஒளிக்க வழியில்லை. ஒரு காலைப் போட்டேன், விழுந்தேன். கல்லை ஒட்டி வண்டியை நிறுத்தி, அதன் ஓரத்தில் கால் வைத்து ஏறிப் பார்த்தேன், கால்வாய்ப் பக்கம் சாய்ந்து, கடைசி நிமிஷத்தில் புல்லைப் பிடித்துக்கொண்டேன். மறுபடி ஏறினேன். மறுபடி விழுந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிடுகிறேன், சம்பாதிக்கிறேன், ஒரு வீட்டை நடத்துகிறேன். இரண்டு சக்கரத்தின்மேல் ஏறி உட்கார நாதியில்லை.

அவள் சிரிக்கவில்லை. நான் விழுவதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நிஜமாவே தெரியாதா?"

"ஏறவும் தெரியாது, இறங்கவும் தெரியாது. உங்க அப்பா தள்ளிவிட்டாத்தான் போவேன். அவரே பிடிச்சாத்தான் நிப்பேன்."

"அப்ப காலையில தள்ளினது விளையாட்டு இல்லையா?"

"இல்ல."

கல்லைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் எழுந்து நின்றாள். "அப்பா எங்க பிடிப்பாரு?"

"வேண்டாம், நீ உக்காரு. கால் வீங்கிக் கிடக்கு."

"எங்க பிடிப்பாரு?"

"சீட்டுக்குப் பின்னால."

நொண்டிக்கொண்டு வந்து சீட்டைப் பிடித்தாள். நான் ஏறி உட்கார்ந்தேன். என் சுமையைத் தாங்குகிற அழுத்தத்தில் அவள் விரல்கள் வெளுத்துப் போனதைப் பார்த்தேன். எனக்கு இஷ்டமே இல்லை. வலியில் இருக்கிற பிள்ளையைத் தண்ணீர்க் கரையில் தனியாக விட்டுவிட்டு எவள் போவாள்? அதுவும் இன்னொரு தடவை? ஆனால் வேறு என்ன செய்ய முடியும் என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை.

"என்னால கூட ஓடி வர முடியாது" என்றாள். "ஒரே தள்ளுதான்."

"சரிடா. நீ கல்லை விட்டு நகராத. கால்வாய்ப் பக்கம் போகாத."

"ம். நீங்க திரும்பிப் பாக்காதீங்க. விழுந்துருவீங்க." பின்னாலிருந்து அவள் மூச்சு என் முதுகில் பட்டது. "நான் திரும்பிப் பாத்துத்தான் விழுந்தேன்."

"எதுக்குடா அத்தனை தடவை திரும்பின?"

"நீங்க வர்றீங்களான்னு பாத்தேன்."

அதற்கு நான் பதில் சொல்வதற்குள் தள்ளிவிட்டாள். அவளுக்கு இருந்த பலமெல்லாம் அந்த ஒரு தள்ளலில் இருந்தது. வலியில் அவள் முனகியது கேட்டது. வண்டி ஆடியது, அலைந்தது, நேராகிவிட்டது. நான் போய்க்கொண்டிருந்தேன்.

திரும்பக் கூடாது. அவளே சொல்லியிருக்கிறாள். கழுத்தைக் கம்பி மாதிரி வைத்துக்கொண்டு, முன்னால் இருக்கிற பாதையைப் பார்த்தே கத்தினேன். "வந்துருவேன்! அப்பாவைக் கூட்டிட்டு வந்துருவேன்!"

"சரி!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"உக்காந்துக்கிட்டியா?"

"உக்காந்துட்டேன்!"

"வர்றேன்டா!"

"சரி!"

ஒரு மஞ்சள் அம்பு கடந்தது. "வர்றேன்!" என்று மறுபடி கத்தினேன். இந்த முறை "சரி" மெலிதாகக் கேட்டது. இன்னொரு அம்பு. "வர்றேன்!" இப்போது பதில் இல்லை. காதைத் தீட்டிக்கொண்டு மிதித்தேன். காற்றும் சங்கிலிச் சத்தமும்தான் கேட்டன. தூரம் அதிகமாகிவிட்டதா, அவள் சொல்வதை நிறுத்திவிட்டாளா, எழுந்து கால்வாய்ப் பக்கம் போனாளா? ஒரே ஒரு நொடி தலையைத் திருப்பினால் தெரிந்துவிடும். திருப்பினால் விழுவேன். விழுந்தால் மறுபடி ஏற்றிவிட இங்கே ஆள் கிடையாது. கண்ணீர் வழிந்து வாயில் உப்புக் கரித்தது. துடைக்கக் கையை எடுக்க முடியாது. அவளுக்குக் கேட்கிறதோ இல்லையோ, நான் மட்டும் நிறுத்தவில்லை. "வர்றேன்! வர்றேன்!"

பாலம் தெரிந்தது. அதன்மேல் இவர் நின்றிருந்தார், சொன்ன இடத்தில், சொன்னபடியே. நான் தனியாக, நேராக, கத்திக்கொண்டு வருவதைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குதித்தார்.

"சபாஷ்!" என்று கத்தினார். "வா, வா! எங்க, என் பொண்ணையே முந்திட்டியா?"