அண்ணன் ஓட்டிப் பார்த்த வண்டி

நாற்பத்திரண்டு வயதில், தனக்கென்று அவளே தேர்ந்தெடுத்த பொருள் எது என்று கேட்டால், பல் துலக்கும் பிரஷ் என்றுதான் சொல்ல வேண்டும். அவள் இயன்முறை மருத்துவர். நாள்தோறும் பிறர் முதுகை நிமிர்த்துகிறவள். ஆனால் வீட்டுத் திரைச்சீலை அண்ணன் தேர்ந்தது. சோபா அண்ணன் தேர்ந்தது. அவள் ஓட்டிய சாம்பல் நிறக் கார் அண்ணன் ஓட்டி அலுத்தது. அன்பினால்தான் செய்தார், யார் மறுத்தார்? அன்பு கட்டிய அறைகளில்தான் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கிறது!

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பார்க்க வந்தது ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். சஸ்பென்ஷனை மாற்றித் தாழ்த்தியிருந்தார்கள். அடியில் செருப்பு நுழையும்; கால் நுழையாது. இரட்டைக் குழந்தைகள் பிறந்துவிட்டதால் விற்கிறார் அதன் சொந்தக்காரர். மாலையில் இன்னொருவர் பார்க்க வருவதாகவும் சொல்லியிருந்தார்.

அண்ணனும் அண்ணியும் உடன் வந்திருந்தார்கள்.

"இது காரா, கரப்பான் பூச்சியா? யாரோ மிதிச்சு நசுக்கின மாதிரி இருக்கு" என்றார் அண்ணன்.

"எனக்குப் பிடிச்சிருக்குண்ணே."

"ஊர் முதுகையெல்லாம் சரி பண்றவ, உன் முதுகை நீயே ஒடிச்சுக்கப் போறியா?"

"ஒடிஞ்சா சரி பண்ணத்தான் நான் இருக்கேனே."

அண்ணி சிரித்தாள். அண்ணன் திரும்பிப் பார்த்தார். அண்ணி இருமினாள்.

"ஸ்பிரிங்கை வெட்டியிருப்பான். குட்டையாக்க இதைத்தான் பண்ணுவானுங்க" என்றார் அண்ணன்.

"வெட்டலை சார்." விற்பவர் குனிந்து சக்கரத்தின் உட்புறத்தைக் காட்டினார். "முழு செட்டையும் மாத்தியிருக்கு. இந்த வளையத்தைத் திருகினா ஏறும், இறங்கும். மேட்டுல மட்டும் நேரா ஏத்தக் கூடாது. கோணலா, ஒவ்வொரு சக்கரமா ஏத்தணும். பின்னாடி ஆள் இருந்தா இன்னும் ஜாக்கிரதை."

"முப்பது வருஷமா ஸ்டியரிங் பிடிக்கிறவனுக்கே பாடமா? சாவியைக் குடுங்க. நான் ஓட்டிப் பார்த்து சரின்னா சரி. இல்லேன்னா இந்தப் பேச்சை இதோட விட்டுடணும். என்னம்மா?"

நாக்கு நுனிவரை வந்த 'மாட்டேன்', வழக்கம்போல் 'சரி' என்று வெளியே வந்தது.

எவருக்கும் தலைவணங்காத அண்ணன் அந்த வண்டிக்கு வணங்கினார். முதலில் தலை நுழைந்தது, பிறகு தோள், பிறகு ஒரு கால். மறு கால் வெளியே நின்று வெகுநேரம் யோசித்தது. விற்பவர் பக்கத்தில் அமர்ந்தார். பெயருக்கு இருந்த பின்னிருக்கையில் பெண்கள் இருவரும் முழங்காலைத் தாடைக்கு முட்டுக் கொடுத்து உட்கார்ந்தார்கள்.

தெருமுனையில் வேகத்தடை.

"சார், கோணலா..."

"நேரா போய்த்தான் எனக்குப் பழக்கம்."

முன்சக்கரங்கள் ஏறி இறங்கின. அடுத்த கணம் அடியில் ஓர் உரசல். வண்டி தடையின்மேல் வயிற்றை வைத்துப் படுத்துக்கொண்டது. சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. பின்னால் ஒரு ரொட்டி வண்டி ஹாரன் அடித்தது.

"வண்டியே சரியில்லை!"

"வண்டி நல்லாத்தான் இருக்கு, பாரம்தான் ஜாஸ்தி. இறங்குங்க" என்றாள் அண்ணி.

இறங்குவது அவ்வளவு எளிதா? கைகளைத் தார்ச்சாலையில் ஊன்றி, தவழும் குழந்தையைப் போல வெளியே வந்தார் அண்ணன். மற்றவர்களும் இறங்கினார்கள். வண்டி மெல்லப் பெருமூச்சு விட்டு எழும்பியது.

அவள் யாரையும் கேட்கவில்லை. இடுப்பை முதலில் வைத்து, இரு கால்களையும் சேர்த்துச் சுழற்றி, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தாள். நோயாளிகளுக்கு அவள் கற்றுத் தருகிற முறை அது. மெதுவாகப் பின்னுக்கு எடுத்தாள். ஸ்டியரிங்கை ஒடித்தாள். ஒரு சக்கரம் ஏறியது, அது இறங்க மறு சக்கரம் ஏறியது. வாத்து போல அசைந்து அசைந்து, ஒரு கீறல் ஓசையும் இன்றி வண்டி தடையைக் கடந்தது. போனவள் திரும்பி வந்து, இன்னொரு முறையும் கடந்து நின்றாள்.

"என்ன சார் முடிவு?" விற்பவர் அண்ணனைத்தான் கேட்டார். ஓட்டியவள் ஒருத்தி, கேட்கப்படுபவர் ஒருவர். உலகம் இன்னும் அப்படித்தானே இருக்கிறது!

"அவர் வாங்கலீங்க, நான் வாங்கறேன்" என்றாள் அவள். "சாயந்திரம் பார்க்க வர்றவர்கிட்ட வர வேணாம்னு சொல்லிடுங்க."

அண்ணன் முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "அந்த வளையத்தைத் திருகி உசரமாவது ஏத்தச் சொல்லும்மா." கட்டளையாகப் புறப்பட்ட சொல் கெஞ்சலாக வந்து சேர்ந்தது.

"இந்த உசரம் போதும்ணே."

அதற்குள் அண்ணி முன்னிருக்கையில் ஏறிவிட்டிருந்தாள். "இந்த பெல்ட்டை எங்கம்மா மாட்டறது?"

"ஏய், அப்போ நாங்க?"

"பின்னாடி ஆள் ஏறினா அடி தட்டுமாம்ங்க. காத்து வாங்கிட்டே நடந்து வாங்க."

அண்ணன் துணைக்கு விற்பவரைப் பார்த்தார். விற்பவர் ஏற்கெனவே நடக்கத் தொடங்கியிருந்தார்.