இரண்டு கிலோமீட்டர் மூக்கு

1

மரக்காணம் உப்பளத்துக் கரையில் நின்றபடி, இரண்டு கிலோமீட்டர் தள்ளித் தன் வீட்டு அடுப்பில் பால் தீய்வதை மோந்தே கண்டுபிடித்தவர் உலகத்தில் ஒருவர்தான். அவர் பெயர் சிவஞானம். அன்றைக்குக் காற்று எதிர்த்திசையில் அடித்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம்பவில்லையா? நல்லது. நம்புகிறவர்களுக்காக யாரும் கதை எழுதுவதில்லை.

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது மரியாதை. ஒரு மூக்கில் பிறந்தது. சிவஞானத்தின் மூக்கில். இதை எழுதுகிறவரும் சிவஞானம்தான். முப்பத்தாறு வருடம் உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்து, எந்தத் தண்ணீரை எந்தப் பாத்திக்கு எப்போது திறக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்துவிட்டு ஓய்வுபெற்றவர். முதல் படியை 'நான்' என்றுதான் ஆரம்பித்தார். அவர் மனைவி வைஜெயந்தி ஒரு பக்கம் படித்துவிட்டு, "நான்னு போட்டா நீங்கன்னு தெரிஞ்சிடும். அப்புறம் எவன் நம்புவான்?" என்றாள். அதனால் 'அவர்' ஆயிற்று.

வைஜெயந்தி ஒவ்வொரு படியையும் படித்து ஓரத்தில் பென்சிலால் எழுதுகிறாள். அவற்றை அழிக்க ரப்பர் கிடைக்கவில்லை. அப்படியே விட்டிருக்கிறார்.

[ரப்பர் ஜன்னல்மேலயே இருக்குது. — வை.]

2

கைவிட்ட ஆரம்பங்கள்:

"சித்திரை மாதக் காலை. உப்புப் பாத்திகள் வைரமென மின்ன—" (வேண்டாம். அந்த உப்பின் நடுவே ஆயுசைக் கழித்தவருக்கு அது மின்னி ஒருநாளும் பூரிப்பு வந்ததில்லை. கண் கூசியது, அவ்வளவுதான்.)

"மூக்கு என்பது என்ன? ஆழ்ந்து யோசித்தால்—" (ஆழ்ந்து யோசித்தார். தூக்கம் வந்தது. மூக்கடைத்தவருக்குத் தூக்கமும் வாயால்தான் வரும்.)

மூன்றாவது ஆரம்பத்தில் நகைச்சுவை கிடையாது, ஆனால் அதை விட முடியாது. ஏப்ரலில் ஒரு நாள் வைஜெயந்தி மார்க்கெட்டிலிருந்து திரும்பினாள். வாசல் கேட்டைத் திறக்கும்போதே கேஸ் நாற்றம் முகத்தில் அடித்தது. உள்ளே அடுப்பின் குமிழ் முழுதும் திறந்திருக்க, டீ போடப் போய் மறந்தவர் பூஜை மாடத்தின் முன் நிற்கிறார். சாமி விளக்கேற்ற வந்திருக்கிறார். ஒரு கையில் தீப்பெட்டி. இன்னொரு கையில் குச்சி.

அவள் பையை வீசி அவர் கையில் அடித்தாள். பையில் இருந்தது பூசணிக்காய்.

பக்கத்துத் தெருவில் இதைச் சொல்லும்போது அவர் பூசணிக்காயை மட்டும் வைத்துக்கொண்டு குச்சியை விட்டுவிட்டார். வைஜெயந்தி குச்சியை மட்டும் வைத்துக்கொண்டாள். இன்றுவரை விடவில்லை.

3

இந்த இடத்தில் கதாசிரியருக்குத் தன் கதாநாயகன்மேல் சந்தேகம் வருகிறது. ஒரு மனிதர் நாலு வருடமாக வாசனையே தெரியாமல் இருந்ததை வீட்டில் மறைக்க முடியுமா?

முடியும். கடுகு வெடிக்கும் சத்தத்தை வைத்துத் தாளிப்பைப் பாராட்டலாம். மனைவி கையில் மஞ்சள் இருந்தால் "குழம்பு தூக்குது" எனலாம். சிவஞானம் இதில் தேர்ந்துவிட்டார். மாட்டிக்கொண்டது ஒரே ஒரு தடவை. வீட்டுக்குள் நுழைந்ததும் நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, "ஆகா, நெத்திலிக் கருவாடு! தெருமுனைக்கே வருது வாசனை!" என்றார்.

அன்று அமாவாசை. அடுப்பில் சாம்பார்.

[தன் வீட்டத்தான் சொல்றாருன்னு அடுத்த வீட்டுக்காரி ஒரு வாரம் என்கிட்ட பேசல. — வை.]

பூசணிக்காய் அடித்த மறுநாள், வைஜெயந்தி பாண்டிச்சேரி பஸ்ஸில் அவரை ஏற்றினாள். காது மூக்கு தொண்டை டாக்டர் இலக்கியா, நம் மகள் நிவேதாவைவிட இரண்டு வயது குறைந்தவர்.

"எவ்ளோ நாளா அடைப்பு?"

"நாலு வருஷமா இருக்குதுங்க. ஜலதோஷம்னு நெனச்சேன்."

"நாலு வருஷமா ஒரே ஜலதோஷமா?"

"கெட்டி ஜலதோஷம்னு நெனச்சேங்க."

"இதுவரைக்கும் என்ன செஞ்சீங்க?"

வைஜெயந்தி பதில் சொன்னாள். "நொச்சி ஆவி புடிச்சாரு. தைலத்த உள்ள விட்டுக்கிட்டாரு. மெடிக்கல்ல சொட்டு மருந்து வாங்கி ஒரு வருஷமா ஊத்துறாரு."

டாக்டர் கையை நீட்டினார். சிவஞானம் சட்டைப்பையிலிருந்து சொட்டு மருந்தைப் போலீஸில் கத்தியை ஒப்படைப்பவர்போல் கொடுத்தார். "இத நாலஞ்சு நாளுக்கு மேல போட்டா இதுவே மூக்க அடைக்கும், ஐயா."

கேமரா வைத்த மெல்லிய குழாய் மூக்கில் போனது. திரையில் தெரிந்தது உரித்த திராட்சைக் கொத்து.

"மூக்குல சதை வளர்ந்திருக்குது. உள்தோல் வீங்கி வீங்கித் தொங்குது. பாக்கறதுக்குப் புத்துநோய் மாதிரி இல்ல, ஸ்கேன் ஒண்ணு எடுத்துப் பார்த்துடலாம். வாசனை மேல ஏறத்தான் வழியில்ல."

டாக்டர் காட்டியது திராட்சை. பஸ் கோட்டக்குப்பம் தாண்டும்போது அது சிவஞானத்தின் வாயில் நெல்லிக்காயாகி, மரக்காணத்தில் இறங்கும்போது ஒட்டு மாங்காய் ஆகியிருந்தது.

4

(கதாசிரியர் இந்தப் பகுதியை விட்டுவிடலாமென்று நினைத்தார். வைஜெயந்தி, 'இது இல்லன்னா நான் படிக்க மாட்டேன்' என்று பென்சிலால் எழுதிவிட்டாள்.)

மூக்குக்குள் அடிக்க ஒரு ஸ்பிரே, பத்து நாளைக்கு மாத்திரை, தினம் இரண்டு வேளை உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவ வேண்டும். இதுதான் டாக்டர் எழுதிக் கொடுத்தது. கொதித்து ஆறிய தண்ணீர் அரை லிட்டர், உப்பு ஒரு டீஸ்பூன், ஆப்ப சோடா ஒரு சிட்டிகை.

ஒரு டீஸ்பூன்! சிவஞானத்துக்கு அவமானமாகப் போய்விட்டது. உப்பளத்துக்காரர்கள் தண்ணீரின் உப்பு அடர்த்தியை டிகிரியில் பேசுவார்கள். கடல் தண்ணீரே மூன்று டிகிரி. அதை வெயிலில் காயவைத்துக் காயவைத்துப் பாத்தி பாத்தியாக நகர்த்தி, இருபத்தைந்து டிகிரி வந்தால் உப்பு பூக்கும். அவர் நாக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்து டிகிரி சொல்லிவிடுவார். டாக்டர் சொன்னது கணக்குப்படி ஒரு டிகிரி. ஒரு டிகிரி தண்ணீருக்கு எந்தச் சதை பயப்படும்?

நேராக அந்தோணிராஜ் வேலை செய்யும் அளத்துக்குப் போனார்.

"ஏம்பா, நல்ல தண்ணி ஒரு பாட்டில் குடு. பூக்கப் போற தண்ணி."

"எதுக்கு அண்ணே?"

"மூக்குக்கு."

அந்தோணிராஜ் கொஞ்சம் யோசித்தான். அவனும் உப்பளத்துக்காரன்தானே. "அப்போ இருபத்தஞ்சு டிகிரியே எடுத்துக்கிங்கண்ணே. சும்மா இருபதெல்லாம் வேலைக்காவாது" என்று நல்ல பாத்தியில் மொண்டு கொடுத்தான்.

என்ன நடந்தது என்று எழுதப் பலமுறை முயன்று கைவிட்ட வாக்கியங்கள்: "முதலில் ஒன்றும்—" "பிறகு தலைக்குள் யாரோ பந்தத்தைக்—" "கழுவெளி ஏரியில் நின்ற நாரைகள் அத்தனையும் ஒரே சமயத்தில்—"

நூற்று நாற்பத்தொரு தும்மல்.

[பதினேழு. — வை.]

மறுவாரம் டாக்டர் இலக்கியா இதைக் கேட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பில்லாமல், "ஐயா, உங்க மூக்கு பாத்தி இல்ல" என்றார். "இன்னொரு தடவ அந்தத் தண்ணிய ஊத்துனா நான் பாக்க மாட்டேன்."

ஒரு டிகிரிக்கு இறங்கினார். உத்தியோகத்தில் இப்படியொரு பதவியிறக்கம் அவருக்கு வந்ததே இல்லை.

5

மாத்திரை சாப்பிட்ட அந்தப் பத்து நாளில் வாசனை வந்தது. இதில் மிகை இல்லை. வைஜெயந்தி தலைக்குத் தேய்த்த எண்ணெய், சுவரில் விழுந்த முதல் மழைத் தண்ணீர், மழைக்கோட்டின் ரப்பர். மனிதர் வீடு முழுக்க மோந்துகொண்டே திரிந்தார். மாத்திரை முடிந்து இரண்டு வாரத்தில் எல்லாம் போய்விட்டது. அன்று அவர் மறுபடியும் கடுகுச் சத்தத்தைக் கேட்டுத் தாளிப்பைப் பாராட்டினார். (கதாசிரியர் இதற்குமேல் சொல்லவில்லை.)

ஆனி மாதத்தில் நிவேதா செங்கல்பட்டிலிருந்து போன் செய்தாள். இரண்டாவது குழந்தை, தையில் தேதி. முதல் பிரசவத்துக்கு இங்கே வந்தவள்தான், இப்போது பெரியவனுக்குப் பள்ளிக்கூடம். அம்மாதான் போக வேண்டும், மூன்று மாதமாவது இருக்க வேண்டும்.

"எப்புடிடி வருவேன்? உங்கப்பாவ அடுப்போட தனியா வுட்டுட்டு?"

"அப்பாவையும் கூட்டினு வாம்மா."

கூட்டிப் போகலாம். ஆனால் அது ஒரே ஒரு படுக்கையறை வீடு. போன தடவை இவருடைய குறட்டைக்கு இரண்டாம் நாளே மாப்பிள்ளை ராஜவேல் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனவர். நல்ல மனுஷன், கேட்டால் 'காத்து நல்லா இருக்குது மாமா' என்றார். அன்று மழை.

(இண்டக்ஷன் அடுப்பு வாங்கலாமே என்று கேட்கும் வாசகருக்கு: உண்மைதான். கதையில் இது பெரிய ஓட்டை.)

[வாங்கியாச்சு. டீ அதுல ருசிக்கலன்னு கேஸ்லயே போடறாரு. தீக்குச்சியும் கையுமா ஒருத்தர நான் ஒரு தடவ பார்த்தது போதும். — வை.]

ஆக, வைஜெயந்தி பேத்தியையோ பேரனையோ கையில் வாங்குவதும் வாங்காததும் சிவஞானத்தின் மூக்கில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஐப்பசியில் ஆபரேஷன். மூக்கு வழியாகவே குழாய் விட்டுச் சதையை எடுத்தார்கள். "திரும்ப வளரலாம், ஸ்பிரேயும் கழுவுறதும் வுடக் கூடாது. வாசனை மெதுவா வரலாம், வராமயும் போகலாம்" என்றார் டாக்டர். மூச்சு அன்றே வந்தது. குறட்டை பாதியானது. வாசனை வரவில்லை.

கார்த்திகைக் கடைசியில், "வந்துடுச்சு" என்றார் சிவஞானம்.

வைஜெயந்தி அவர் கண்ணைக் கட்டிவிட்டு டப்பா டப்பாவாகத் திறந்து நீட்டினாள். காப்பித்தூள், கற்பூரம், பெருங்காயம், மூன்றும் சரி. நாலாவதாக ஒரு டப்பா. "மிளகுத்தூள்!" என்றார்.

அது கழுவிவைத்த காலி மிளகுத்தூள் டப்பா.

மூடி திறக்கும் சத்தத்தை வைத்தே சொல்லியிருக்கிறார். நாலு வருடப் பழக்கம். உண்மையிலேயே மோந்ததோடு காதும் சேர்ந்துகொண்டது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். தொண்டை வறண்டதுதான் மிச்சம். நாற்பது வருடமாகப் பொய்யைக் கூட்டிக் கூட்டிச் சொன்ன மனிதர், வாழ்க்கையில் ஒரே ஒரு உண்மையை வைத்துக்கொண்டு விற்க ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

6

மார்கழி. சிவஞானம் உப்பளத்துக் கரையில் நிற்கிறார்.

[தெருமுனைக் கடையில. — வை.]

காற்று எதிர்த்திசையில். திடீரென்று மூக்கின் உச்சியில் ஒரு கசப்பு. தீய்ந்த பால். நம் வீட்டுப் பால்! ஓடினார். அறுபத்து மூன்று வயதில், செருப்பை விட்டுவிட்டு. அடுப்பை அணைத்தபோது பாத்திரத்தின் அடி கரியாகிக்கொண்டிருந்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் மகளிடம் போனில் பேசிக்கொண்டிருந்தவள், இதோ, அவரை அடுப்போடு தனியே விடாத வைஜெயந்தி.

கீழே வந்தாள். பாத்திரத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"புகையப் பார்த்துட்டு ஓடியாந்திருப்பீங்க."

"புகையே இல்ல வைஜெயந்தி! மோந்தேன்!"

"பால் பொங்குச்சு. தீயல."

பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்து, அன்றே பரண்மேல் ஏற்றிவிட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டுக் கணக்கில் அன்று அப்படியொரு பால் காய்ச்சப்படவே இல்லை.

7

முடிவுகள். கதாசிரியரிடம் மூன்று இருக்கின்றன.

முதலாவது: டாக்டர் இலக்கியா மரக்காணத்துக்கே வந்து, ஊரைக் கூட்டி, மேடை போட்டுச் சிவஞானத்தின் மூக்குக்குச் சான்றிதழ் வழங்குகிறார். (கதாசிரியருக்கு மிகவும் பிடித்தது. அதனாலேயே சந்தேகம்.)

இரண்டாவது: வைஜெயந்தி போகவில்லை. தையில் செங்கல்பட்டிலிருந்து போட்டோ வருகிறது. அவள் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மூக்கில் எல்லா வாசனையும் ஏற, சும்மா இருக்கிறார். (இதை எழுதிவிட்டு அரை நாள் எதுவும் எழுதவில்லை.)

மூன்றாவது எழுதப்படவில்லை. அதை எழுதக் கதாசிரியருக்கு அதிகாரம் இல்லை.

இத்தனை நேரம் உங்களை வாசகராக வைத்துப் பேசியதற்கு மன்னிக்கவும். இது உங்களுக்காக எழுதியதல்ல. இதற்கு ஒரே ஒரு வாசகி. நிவேதாவின் பிரசவத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. வைஜெயந்தி பையில் பாதி துணி அடுக்கி, மீதியைக் கட்டில்மேல் போட்டுவைத்திருக்கிறாள். இந்தத் தாள்களை அந்தத் துணிமேல் வைத்துவிட்டு, கதாசிரியர் மூக்கு கழுவப் போகிறார். ஒரு டிகிரி. கீழே இடம் விட்டிருக்கிறது. பென்சில் ஜன்னல்மேல் இருக்கிறது.

8

[ரெண்டு கிலோமீட்டரெல்லாம் இல்ல. நம்ம வாசல்லேர்ந்து கடை அறுபது அடி. காத்து உங்க பக்கமாத்தான் அடிச்சுது. அது எனக்குத் தெரியும், ஏன்னா மாடியில நின்னு நான் உங்களத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். நம்ம வீட்டுக்கு முதுகக் காட்டிக்கிட்டு கடைக்கார ஆரோக்கியராஜ்கிட்ட அந்தத் தும்மல் கதைய அவுத்து வுட்டுக்கிட்டு இருந்தீங்க. கை ரெண்டையும் தூக்கி, நாரை எல்லாம் எழும்பற எடத்துக்கு வந்துட்டீங்க. அப்படியே நின்னுட்டீங்க. மூக்கத் தூக்குனீங்க. புகை இல்ல. எனக்கே ஒண்ணும் தெரியல. என்னாச்சு இந்த ஆளுக்குன்னு நெனச்சேன். அப்புறம்தான் ஓடுனீங்க.

கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரு கதையப் பாதியில நிறுத்தி நான் உங்களப் பார்த்ததில்ல.

பால் தீஞ்சுதான் போச்சு. நான்தான் வச்சுட்டு மறந்தேன். நீங்க மோந்துதான் வந்தீங்க. நடந்தது நடந்ததுதான். மீதித் துணியையும் பையில அடுக்கிட்டேன். — வை.]