ஆறு மணிக்கு முடியும் கயிறு

செக்கானூரணியில் பஸ் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த ஆள் காசிமாயனின் முகத்தைப் பார்க்கவில்லை. மணிக்கட்டைப் பார்த்தான்.

அதில் ஒரு கறுப்புக் கயிறு. குடிக்க மாட்டேன் என்று சாமி முன்னால் சத்தியம் செய்து, ஆறு மாதத்துக்குக் கட்டியது. இன்று சாயங்காலம் ஆறு மணியோடு கெடு முடிகிறது.

கூட்டாளி முத்திருளன் காலையிலேயே போன் போட்டுவிட்டான். "மாப்ள, இன்னைக்குக் கயிறு அவுக்குற நாளு. தோப்புல எல்லாம் ரெடி. வண்டி எடுத்துட்டு வாரேன்."

முந்தைய நான்கு கயிறுகளும் தோப்பில்தான் அவிழ்ந்தன. நாலாவது அவிழ்ந்த மறுநாள், காசிமாயன் போதையில் மகள் தமிழ்வாணியைப் பக்கத்தில் உட்காரவைத்தே குட்டியானை வண்டியைக் கண்மாய்க் கரையிலிருந்து உருட்டிவிட்டான். அவள் நெற்றியில் ஏழு தையல். கயிறு இருக்கிறவரை சாமி பார்த்துக்கொண்டது. அவிழ்ந்த பிறகு யார் பார்ப்பது?

மதுரை கே.கே. நகர் கிளினிக்கில் தையல் பிரித்த நர்ஸ் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தாள். குடியை விட்டவர்கள் கூடும் இடம், கோரிப்பாளையம், தையல் கடை மாடி, மாலை ஆறரை. ஆறு மாதமாகப் பர்ஸில் கிடந்த சீட்டு. மனைவியிடம் மட்டும் சொல்லிவிட்டு, இன்றுதான் உசிலம்பட்டியில் பஸ் ஏறியிருந்தான்.

"எந்த ஊருண்ணே? யாரு வீடு?" என்றான் அந்த ஆள், கக்கத்தில் ரெக்ஸின் பையை இடுக்கியபடி.

காசிமாயனின் விரல் கயிற்றின் முடிச்சுக்குப் போனது. தமிழ்வாணியைப் பெண் கேட்டு வந்தவர்கள் செக்கானூரணிக்காரர்கள். பெண் வீட்டில் கை நனைத்துச் சம்பந்தத்தை உறுதி செய்வதற்கு முன் ஆள் விட்டுச் சத்தமில்லாமல் விசாரிப்பார்கள். இந்த வாரம் வருவார்கள் என்று மனைவி மாயக்காள் சொல்லியிருந்தாள். வந்தே விட்டானா?

"சும்மா, ஒரு சோலியா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஆரப்பாளையத்தில் பஸ் நிற்பதற்குள் குதித்து, ஷேர் ஆட்டோவில் ஏறினான். கோரிப்பாளையத்தில் இறங்கி, பாலம் வேலைக்கு வைத்த தகரத் தடுப்பைச் சுற்றிச் சந்துக்குள் நுழைந்து திரும்பிப் பார்த்தான்.

ரெக்ஸின் பை. இருபது அடி தூரத்தில்.

தையல் கடை வந்தது. மாடிப்படியும் வந்தது. காசிமாயன் படியை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஏறாமல் கடந்துபோனான். ஒயின் ஷாப்புக்குள் போகிறவனை ஊர் திரும்பிக்கூடப் பார்க்காது. இந்தப் படியில் ஏறுகிறவனைப் பார்த்தால், அடப்பாவி, அம்புட்டு முத்திப்போச்சா என்று கேட்கும். கல்யாணம் நின்றுவிடும்.

சந்து முடிகிற இடத்தில் ஒயின் ஷாப் இருந்தது. மணி ஆறு இருபது. கெடு முடிந்து இருபது நிமிடம். கால் தானாகப் போய் வரிசையில் நின்றது. முன்னால் மூன்று பேர். இரண்டு பேர். நாக்கு ஊறியது. ஒருவன் மட்டும்.

தோளில் ஒரு கை விழுந்தது.

"அண்ணே, மாடி அந்தப் பக்கம்."

ரெக்ஸின் பைக்காரன்.

"எங்க வீட்டப் பத்தி விசாரிக்கத்தான வந்தீக?" காசிமாயன் கையைத் தட்டிவிட்டான். "போய்ச் சொல்லிக்கங்க. குடிகாரப் பயதான் நான்."

"விசாரிக்கவா? யாரை?" அந்த ஆள் விழித்தான். பிறகு வரிசையிலிருந்து அவனை வெளியே இழுத்தான். "எம் பேரு காளை. இதே சத்தியக் கயிறு, ஏழு கட்டி ஏழையும் அவுத்தவன். எட்டாவது கட்டாம இந்த மாடிக்கு வந்துட்டேன், ரெண்டு வருசமாச்சு. பஸ்ல ஒங்க வெரலு முடிச்சையே நோண்டிக்கிட்டு இருந்துச்சு. இன்னைக்குக் கெடு முடியுதுன்னு தெரிஞ்சுபோச்சு. நேராக் கேட்டாத் தப்பா நெனப்பீகன்னு பின்னாலயே வந்தேன். மாடிப்படியப் பாத்துட்டுத் தாண்டிப் போனீகள்ல, அப்பவே எங்க வந்தீகன்னு புரிஞ்சுபோச்சு."

"பின்னாலயே வந்தா மட்டும் நல்லவிதமா நெனப்பாகளாக்கும்?"

காளை முதலில் சிரித்தான். பிறகு காசிமாயனும் சிரித்தான். பின்னால் நின்றவன், "வாங்குறதுன்னா வாங்குங்கப்பா, இல்லாட்டி வழிய விடுங்க" என்றான்.

விட்டார்கள்.

மாடியில் பத்துப் பதினைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள். தொப்பி போட்ட ஒரு பாய், பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கையில் கொடுத்தார். "பேரு மட்டும் சொன்னாப் போதும் தம்பி. ஊரு, வீடு இங்க யாரும் கேக்க மாட்டாங்க."

காசிமாயன் பேரைச் சொன்னான். அடுத்து வாயில் வந்தது கேள்விதான். "இங்க எம்புட்டு நாளைக்குக் கெடு?"

"இன்னைக்குத் தூங்குறவரைக்கும்" என்றார் பாய். "நாளைக்கு உள்ளத நாளைக்குப் பாத்துக்குவோம்."

அது முடியும் என்று தோன்றியது. ஆறு மாதத்தில் முதன்முறையாகத் தோளிலிருந்து பாரம் இறங்கியது.

கூட்டம் முடிந்து அவன் போனை எடுத்தபோது முத்திருளனின் அழைப்பு ஒன்பது. மாயக்காளின் அழைப்பு ஒன்று. அவளுக்குத்தான் போட்டான்.

"வீடியோவுல வாங்க" என்றாள், வேறு எதுவும் பேசாமல்.

வந்தான். அவள் அவன் கண்ணைப் பார்த்தாள். பிறகு பின்னால் டீ கிளாஸோடு நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். மூச்சை விட்டாள்.

"செக்கானூரணியில இருந்து விசாரிக்க ஆள் வந்துச்சு. ஒரு பொம்பளை."

காசிமாயன் சுவரில் சாய்ந்தான். "என்ன சொன்ன?"

"குடிச்சாரு, வண்டியக் கவுத்தாரு, இன்னைக்கு அத விடுறதுக்கு மதுரைக்குப் போயிருக்காருன்னேன். பெறகு எவனாச்சும் சொல்லித் தெரியணுமாக்கும்?"

"அதுக்கு அந்தம்மா என்ன சொல்லுச்சு?"

"கேட்டுட்டு, இன்னொரு காப்பி இருக்கான்னு வாங்கிக் குடிச்சிட்டுப் போச்சு."

வேண்டாத வீட்டில் யாரும் இரண்டாவது காப்பி கேட்பதில்லை.

"கடைசி பஸ்ஸுக்கு முன்னால வந்துருவீகள்ல?"

"இப்பவே வாரேன்" என்றான். ரெக்ஸின் பையோடு காளை படியில் காத்து நின்றான்.