ஒற்றுமை மரத்தின் உச்சிக் கை

ஒற்றுமைக்கு ஒரு சிலை வைப்பதென்று குடியிருப்போர் சங்கம் தீர்மானம் போட்ட பிறகுதான் அந்தத் தெருக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடக்க ஆரம்பித்தார்கள். அதுவரை அவர்கள் சண்டை போட உருப்படியாக ஒரு காரணமும் இருந்ததில்லை. கார் நிறுத்துகிற தகராறும் நாய் குரைக்கிற தகராறும் எத்தனை நாளைக்குத் தாங்கும்? சங்கம் அந்தக் குறையைத் தீர்த்து வைத்தது.

தெருமுனைப் பூங்காவின் நடுவில் ஒரு வட்டத் திட்டு காலியாகக் கிடந்தது. அதில் என்ன வைப்பதென்று ஆறு கூட்டம் நடந்தது. நீரூற்று என்றார் ஒருவர். கொசு வரும் என்றார் இன்னொருவர். செயலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சும்மா ஒரு யோசனைதான், நம்ம தலைவரோட மார்பளவு சிலை..." என்று இழுத்தார். தலைவர் "சேச்சே" என்றார். அந்தச் சேச்சேயில் போதுமான அழுத்தம் இல்லை என்பதைக் கவனித்த மற்றவர்கள் அவசர அவசரமாக ஒரு சிற்பியைத் தேடிப் பிடித்தார்கள்.

சிற்பி, தலைமுடியை ஒட்ட வெட்டிய, அதிகம் பேசாத பெண். நாற்பத்து மூன்று வீடுகள், வீட்டுக்கு ஒரு கையாவது அச்செடுத்து வெண்கலத்தில் வார்த்து, ஓர் இரும்பு மரத்தில் கிளை கிளையாகப் பொருத்தலாம் என்றாள். எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. எல்லோரும் அதில் இருப்பார்கள், அதனால்தான் பிடித்தது. 'ஒற்றுமை மரம்' என்று பெயரும் வைத்தாயிற்று.

பூங்காவுக்கு எதிரே தையல்கடை வைத்திருந்த தையலக்காவுக்கு மட்டும் இதெல்லாம் வேலையில்லாதவர்கள் செய்கிற வேலையாகத் தெரிந்தது. அவள் வாய் சும்மா இருக்காது. யார் தப்பாகப் பேசினாலும் அந்த இடத்திலேயே திருத்திவிட்டுத்தான் மறு வேலை. அவள் புருஷன் பூட்டுக்காரர் அதற்கு நேர்மாறு. வாயில் ஒரு சாவியைக் கவ்விக்கொண்டே முப்பது வருஷம் குடித்தனம் நடத்தினவர். அச்செடுக்கும் நாளன்று அவர் தையல்கடை வாசலில் வந்து நின்றார்.

"உன் கையையும் குடேன். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கட்டும்."

"என் கைய மரத்துல தொங்கவிட்டுட்டா துணி யாரு தைக்கிறது, நீங்களா? வயசான காலத்துல ஆசையப் பாரு."

அவர் சிரித்துவிட்டுத் தனியாகப் போனார். சிற்பியின் வாளியில் இருந்த அச்சுக் கூழுக்குள் பத்து நிமிடம் கையை ஆடாமல் வைத்திருந்து அச்சுக் கொடுத்துவிட்டு வந்தார். இரண்டு நாள் அந்தக் கூழ் வாசனை அவர் கையை விட்டுப் போகவில்லை. அதற்கும் தையலக்கா அவரைத் திட்டினாள்.

அப்புறம்தான் உண்மையான பிரச்சினை வந்தது: மரத்தின் உச்சியில் யார் கை? தலைவர் ஓய்வுபெற்ற அதிகாரி. எந்த இலாகா என்று கேட்டால் "பெரிய இலாகா" என்பார். தலைமை என்பது மேலே இருப்பதுதானே என்று அவர் பொதுவாகச் சொல்லி வைத்தார். இந்தத் தெருவில் தன் கை போகாத வாயே கிடையாது என்று பல் டாக்டர் வாதாடினார். சங்கத்தின் எழுத்து வேலை முழுவதையும் செய்கிற கை தன்னுடையது என்று செயலாளர் நினைவூட்டினார். நாலு கூட்டம் நடந்தது, இரண்டு நாற்காலி உடைந்தது.

இந்த நேரத்தில் பூட்டுக்காரர் செத்துப்போனார். தன் பூட்டுப் பட்டறையில் உட்கார்ந்தபடியே மாரடைப்பு. போன் வந்தபோது தையலக்கா தலைவரின் கால்சட்டையில் இடுப்பைத் தளர்த்திக்கொண்டிருந்தாள். ஓடிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவர் கையை எடுத்துப் பிடித்தாள். அதில் சூடே இல்லை.

அவருடைய சாவு சங்கத்துக்குப் பெரிய உதவியாகப் போயிற்று. செத்தவரோடு யார் போட்டி போடுவது? அடுத்த கூட்டத்தில் இரண்டு நிமிட மௌனம்; ஒன்றரை நிமிடத்திலேயே செயலாளர் கனைத்துவிட்டார். பூட்டுக்காரரின் கையை உச்சியில், பதினைந்து அடி உயரத்தில் வைப்பதென்று ஒரே மனதாகத் தீர்மானம் நிறைவேறியது. எல்லோர் முகத்திலும் அப்படியொரு நிம்மதி. தலைவர் விட்டுக்கொடுத்த கையோடு, தன் கை பாதை ஓரமாக, வருகிறவர்கள் கைகுலுக்குகிற உயரத்தில் இருந்தால் போதும் என்று பெருந்தன்மையாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

தையலக்கா எழுந்தாள்.

"சார், அவர் கையக் கீழ வைங்க. எனக்கு எட்டற மாதிரி."

"அம்மா, உச்சிங்கறது மரியாதை" என்றார் தலைவர்.

"சாவிய உள்ள வெச்சுப் பூட்டிட்டு, 'ஏய் பூட்டு, சீக்கிரம் வா'ன்னு கூப்பிட்டீங்களே, அப்பக் குடுத்திருக்கலாம் மரியாதை. இப்ப எனக்குக் கைதான் வேணும்."

"நீங்க உணர்ச்சிவசப்பட்டிருக்கீங்க."

"புருஷன் செத்தா வேற எதுக்கு வசப்படணும் சார்?"

கூட்டம் கூரையைப் பார்த்தது. தீர்மானம் பதிவேட்டில் ஏறிவிட்டது என்றும், ஏறினதை இறக்க விதியில் இடமில்லை என்றும் செயலாளர் வருத்தத்தோடு சொன்னார். அன்றைய பதிவேட்டில் 'மறைந்தவரின் மனைவி நன்றி தெரிவித்தார்' என்று எழுதி வைத்தார். எழுத்து வேலை செய்கிற கை அல்லவா!

தையலக்காவுக்குப் பெரிய ஆசையெல்லாம் கிடையாது. முப்பது வருஷமாக அவள் சோறு போட்டு, திட்டி, தட்டிவிட்டு, பிடித்து இழுத்த கை அது. ஒரு தடவையாவது திட்டாமல் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும் என்று அந்த மனுஷன் கேட்டபோது கேலி செய்த வாயை அறுத்துப் போடலாம் போல இருந்தது. போட்டோவைத் தடவிப் பார்த்தால் கண்ணாடிதான் தட்டுப்படுகிறது. பதினைந்து அடி உயரத்தில் வைத்தால் அதுவும் தட்டுப்படாது.

அடுத்த வாரம் சிற்பியிடமிருந்து ஆள் வந்தது. தையலக்கா கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் சிற்பியின் பட்டறைக்குப் போனாள். நீண்ட மேசை மேல் வெண்கலக் கைகள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய பெயர்ச் சீட்டு.

"ஒரு தப்பு நடந்துபோச்சு. மணிக்கட்டுல எண் போட்டிருந்தேன். வெல்டர் அந்த முனையச் சமமாத் தேய்ச்சப்ப எண்ணும் சேர்ந்து போயிடுச்சு. அதனால ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு, உங்க கை எதுன்னு நீங்களே சொல்லுங்கன்னேன்" என்றாள் சிற்பி.

"சொன்னாங்களா?"

"எல்லாரும் டக்குன்னு சொன்னாங்க. நீளமான விரல் இருக்கிற ஒரு கையத்தான் மூணு பேர் தன்னோடதுன்னாங்க. அதுல ரெண்டு பேர் ஆம்பள."

தங்கள் கையைத் தாங்களே பார்த்து அறியாத பெரிய மனிதர்கள்! இருக்கிறதில் நல்லதாக ஆளுக்கொன்றைப் பொறுக்கிக்கொண்டு போயிருந்தார்கள். கடைசியில் யாரும் உரிமை கொண்டாடாத ஒரு கை மட்டும் சீட்டு இல்லாமல் மிஞ்சியிருந்தது. சிற்பி அதை எடுத்து நீட்டினாள்.

"இது ஒண்ணுதான் மிச்சம். அப்ப இது உங்க வீட்டுக்காரருதுதானே? நீங்க சொன்னா உச்சியில வெச்சுடுவேன்."

கொழுகொழுவென்று, ஒரு சுருக்கமில்லாத, விரல் குட்டையான கை. இந்தக் கை பூட்டைத் திறக்க வேண்டாம், புட்டியைத் திறந்தாலே அதிசயம். "இது அவருதா?" என்று சீறப்போனவளின் கண் மேசையின் மறு கோடிக்குப் போனது. அங்கே இருந்தது. புடைத்த கணு, கம்பியை நெம்பி நெம்பி உள்ளே வளைந்துபோன ஆள்காட்டி விரல், கட்டை விரலடியில் அரம் கிழித்த தழும்பு. அதன் மேல் கட்டியிருந்த சீட்டில் தலைவர் பெயர்.

"அதுவா? 'முப்பது வருஷம் பேனா புடிச்சு வளைஞ்ச விரல், பாத்தாலே தெரியுதுல்ல?'ன்னாரு தலைவர்" என்றாள் சிற்பி.

தையலக்காவுக்கு வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், தலைவர் மூக்கறுபட்டுப் போவார், தெருவே சிரிக்கும். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்ன அடுத்த நிமிடமே அந்தக் கை பதினைந்து அடி மேலே போய்விடும். சொல்லாவிட்டால் பாதை ஓரத்தில், கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கும், வேறொருவன் பெயரோடு. வாழ்நாளில் ஒரு தப்பைக்கூடத் திருத்தாமல் விட்டறியாதவள், கொழுகொழுக் கையை வாங்கிப் பார்த்தாள்.

"ஆமா. இதுதான்" என்றாள்.

சிற்பி அவளையும் பார்த்தாள், அவள் கண் போன இடத்தையும் பார்த்தாள். "தலைவர் கைகுலுக்கற உயரம்னாரு. அது என்ன உயரம்னு எனக்குச் சரியாத் தெரியல" என்றாள் மெதுவாக. தையலக்கா கழுத்து நாடாவை உருவி, தரையிலிருந்து தன் மணிக்கட்டு வரை அளந்து, தையல்காரியின் பழக்கத்தில் இரண்டு விரற்கடை கூடவே சேர்த்துச் சொன்னாள். சிற்பி அதை எழுதிக்கொண்டாள்.

திறப்பு விழா நடந்தது. தலைவர் ஒற்றுமையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பல் டாக்டரும் செயலாளரும் அந்த முக்கால் மணி நேரமும் ஒருவரோடொருவர் பேசவில்லை. பிறகு தலைவர் 'தன்' கையைத் தானே குலுக்கிக் காட்டினார். படம் எடுத்தார்கள். "உழைச்ச கை!" என்று வந்திருந்த பிரமுகர் பாராட்ட, தலைவர் கூச்சப்பட்டார். தையலக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். அழுகிறாள் என்று நினைத்து நாலு பேர் முதுகைத் தட்டிக் கொடுத்தார்கள்.

அதன் பிறகு தினமும் காலையில் கடை திறப்பதற்கு முன்னால் பூங்காவுக்குப் போவாள். கையைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நிற்பாள். முதலில் அழுகைதான் வந்தது. மூன்றாம் நாளிலிருந்து வீட்டுக் கதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். குழாய் ஒழுகுவதைச் சொன்னாள். அன்றைக்கு நானும் கை கொடுத்திருக்கணும், என்னை மன்னிச்சிடுங்க என்றும் சொன்னாள்.

தெரு சும்மா இருக்குமா? புருஷன் கை உச்சியில் வெயில் காய்கிறது, இவள் தலைவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்! காலையில் நடைப்பயிற்சி போகிறவர்களின் எண்ணிக்கை திடீரென்று கூடிவிட்டது. உடம்பில் அக்கறை இல்லாதவர்கள்கூட அந்த மரத்தை நாலு சுற்றுச் சுற்றினார்கள். கடைக்கு வருகிற பெண்கள் துணியைக் கொடுத்துவிட்டு ஒரு மாதிரியாகச் சிரித்தார்கள். அவள் பதில் சொல்லவில்லை. சொன்னால் கை போய்விடும். கண்ணியம் கருதி மரத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட வேண்டும் என்று செயலாளர் சுற்றறிக்கை விட்டபோதுதான் அவளுக்குப் பயம் வந்தது.

வேலிக்கான கூட்டம் நடந்த மறுநாள் காலை, பாதையில் தலைவரின் மனைவி நேராக அவளை நோக்கி வந்தாள். அதிகம் வெளியே வராத பெண்மணி. நடைப்பயிற்சிக்காரர்கள் ஒதுங்கி நின்று வசதியான இடம் பிடித்தார்கள். தையலக்கா கையை விடவில்லை. இழுத்துத் தள்ளினால்தான் விடுவது என்று நின்றாள்.

"வேலி வராது. நேத்து நான்தான் நிறுத்தினேன்" என்றாள் தலைவரம்மா. "'வேலி போட்டா வர்ற பெரிய மனுஷங்க உங்க கையக் குலுக்க முடியாதே'ன்னு கேட்டேன். உடனே வேணாம்னுட்டாரு."

தையலக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. "உங்களுக்குக் கோபம் இல்லையாம்மா? ஊரெல்லாம் பேசுதே. அவர் கையப் போய்..."

"இது அவர் கையா?" தலைவரம்மா குரலைத் தாழ்த்தினாள். "நாப்பது வருஷமா அந்தக் கையப் பாக்கறேன், எனக்குத் தெரியாதா? பேனா புடிச்சு வளைஞ்ச விரலாம். ஆபீஸ்ல ரப்பர் ஸ்டாம்ப் குத்தறதுக்கே ஆள் வெச்சிருந்தாரு. இது உங்க வீட்டுக்காரர் கை. எங்க வீட்டுப் பூட்ட எத்தனை தடவை திறந்துவிட்டிருக்காரு."

"தெரிஞ்சுமா சொல்லல?"

தலைவரம்மா அண்ணாந்து உச்சியைப் பார்த்தாள். அங்கே அந்தக் கொழுகொழுக் கை இலையைப் போல விரிந்திருந்தது.

"அதுதான் அவரோடது. இத்தனை வருஷத்துல அந்தக் கை என்கிட்ட வந்ததெல்லாம் ஓங்கிக்கிட்டுதான் வந்திருக்கு. இப்பத்தான் மொதத் தடவையா எனக்கு எட்டாத உயரத்துல இருக்கு. இருக்கட்டும் தையலக்கா, இறக்கிடாதீங்க."

சுற்றி நின்றவர்கள் அடிதடியை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். தையலக்கா வெண்கலக் கையை விட்டுவிட்டு ஓர் அடி நகர்ந்து இடம் விட்டாள்.

"புடிச்சுப் பாருங்க."

தலைவரம்மா தயங்கி, சுற்றிலும் பார்த்துவிட்டு, வளைந்த விரலுக்குள் தன் விரல்களை வைத்தாள்.

"சில்லுனு இருக்கு" என்றாள்.

"வெயில் ஏறட்டும்" என்றாள் தையலக்கா. "சூடாயிடும்."