கனவில் ஆஜரானவன்

கோர்ட்டில் என் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். மூன்று முறையும் பதில் சொன்னேன். சொன்னது கனவில்.

என் மனைவி படுத்த படுக்கையாகி ஒரு வருஷமாகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவளைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். அப்படி ராத்திரித் தூக்கம் கெட்டவன் கோர்ட்டு வராந்தாவில், ஓடும் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தால் என்ன ஆவான்? பெஞ்சு மெல்ல மேலே கிளம்பியது. நான் முப்பது வருஷம் லிஃப்ட் ஓட்டியவன், எனக்கு அது புதிதில்லை. ஒவ்வொரு மாடியிலும் யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். இதோ வந்துட்டேன், இதோ வந்துட்டேன் என்று சொல்லிக்கொண்டே போனேன். கதவு மட்டும் திறக்கவில்லை.

கண் விழித்தபோது கூடம் காலி. பெயர் கூப்பிடுகிற டவாலி பூட்டைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். நான் ஆஜராகாததால் வாரண்ட் போட்டாயிற்று என்றும், வராந்தாக் கடைசியில் இலவச சட்ட உதவி அறை இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்றும் சொன்னார். இலவசமாம். காசு வாங்காதவன் வேறு எதையோ வாங்கப் போகிறான் என்று நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வழக்கு பெரிதில்லை. மனைவியை ஏற்ற ஆம்புலன்ஸ் வந்த அன்றைக்கு மேல்வீட்டுக்காரர் கார் வாசலை அடைத்து நின்றது. கத்திப் பார்த்தேன், ஆள் வரவில்லை. கையில் கிடைத்த கல்லால் கார்க் கண்ணாடியை உடைத்தேன். ஆள் வந்தார். உடைக்கவில்லை என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஒன்பது நாள் கதவைத் திறக்கவில்லை. அசந்தால் போதும், அந்த வாரண்டுத் தாளுக்குக் கால் முளைத்துவிடும். மாடிப்படியில் ஒவ்வொரு படியாக ஏறி வந்து, கதவிடுக்கில் குனிந்து என்னைப் பார்க்கும். என்னைக் கொண்டுபோனால் இவளை யார் புரட்டுவார்கள்? எனக்கிருந்த பயம் அது ஒன்றுதான்.

பத்தாம் நாள் பக்கத்து வீட்டுத் தையல்காரி கதவைத் தட்டித் தட்டியே திறக்க வைத்தாள். விஷயத்தைக் கேட்டவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ஒளிஞ்சுக்கிட்டா மறந்துடுவாங்களா மாமா? அன்னிக்கு மாதிரியே அத்தைய நான் பாத்துக்கறேன். நீங்க போங்க."

போனேன். சட்ட உதவி அறையில் இருந்த வக்கீலம்மாவுக்கு என் மகள் வயசு இருக்கும். கையெழுத்துக் கேட்டாள். கையைப் பையிலிருந்து எடுக்காமல், முதலில் விவரம் சொல் என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

"வாரண்ட்ன்னா தண்டனை இல்லைங்கய்யா. நீங்க வரல, அதனால கூட்டிட்டு வரச் சொல்லி ஜட்ஜ் போட்ட உத்தரவு. போலீஸ் வந்து பிடிக்கறதுக்குள்ள நீங்களே போய் நின்னா, ரத்து பண்ணச் சொல்லி மனு போடலாம்."

"ரத்தாயிடுமா?"

"கட்டாயம் ஆகும்னு சொல்ல மாட்டேன். உள்ள வைக்கவும் ஜட்ஜுக்கு அதிகாரம் இருக்கு."

அந்தப் பதிலுக்காகத்தான் கையெழுத்துப் போட்டேன். ஆகும் என்று சத்தியம் செய்திருந்தால் எழுந்து வந்திருப்பேன். பஸ் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடட்டுமா என்றேன். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள் என்றாள்.

அன்று மத்தியானமே மனு விசாரணைக்கு வந்தது. கூண்டில் நின்றபோது கால் தரையில் இருப்பதாகவே தெரியவில்லை. பேச்சுச் சத்தமெல்லாம் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் வந்தது. மனைவியின் ஆஸ்பத்திரிச் சீட்டை வக்கீலம்மா நீட்டினாள். நீதிபதியம்மா படித்துவிட்டு, அன்றைக்கு எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டார்.

"வெளி பெஞ்சுலதான் இருந்தேன்மா. தூங்கிட்டேன். நீங்க கூப்பிட்டப்ப கனவுல பதில் சொன்னேன்."

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும்."

யாரோ சிரித்தார்கள். நீதிபதியம்மா சிரிக்கவில்லை. ஏதோ எழுதினார். வாரண்ட் ரத்து, அடுத்த வாய்தாவுக்குத் தவறக்கூடாது, தவறினால் இந்தக் காரணம் செல்லாது என்றார். வெளியே வந்ததும் வக்கீலம்மா உத்தரவின் நகலை வாங்கி என் சட்டைப்பையில் திணித்து, எங்கே போனாலும் இது கூடவே இருக்கட்டும் என்றாள். எதற்கு இத்தனை அக்கறை என்று அப்போதும் சந்தேகப்பட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் கதவைத் திறந்தால் ஒரு போலீஸ்காரர், கையில் தாள். கனவில் வந்த அதே தாள்தான், கால் மட்டும் இல்லை. தொடையைக் கிள்ளிப் பார்த்தேன், வலித்தது. நகலை நீட்டினேன். அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். யாருக்கோ போன் போட்டார். பிறகு தன் தாளை நாலாக மடித்துக்கொண்டார்.

"எங்களுக்கு இன்னும் சேதி வரல பெரியவரே. நல்லவேளை, இத வச்சிருந்தீங்க."

அவர் இறங்கிப் போகும் சத்தம் ஓயும்வரை வாசலிலேயே நின்றேன்.

"யாருங்க அது?" உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்.

"என்னைக் கூட்டிட்டுப் போக வந்தவரு."

"போறீங்களா?"

"இல்ல. அனுப்பிட்டேன்."



"அப்ப கதவச் சாத்துங்க. குளிருது."